கண்ணாடிக்கு மேல் ஓர் அலுமாரி

ரொட்டிக்குப் பிசைந்த மாவில் பாக்கு அளவு ஓர் உருண்டையைக் கிள்ளி, என் காரின் கூரைக் கண்ணாடி மீது வைக்கிறார் கிருஷ்ணராஜ். அதற்கு நேர்மேலே, கூரையில் சாமான் ஏற்றுவதற்காகச் சற்று முன் அவர் பூட்டிய ஹூட் ராக்கின் குறுக்குக் கம்பி. பிறகு செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்து, சன்ரூஃப் பொத்தானை அமத்துகிறார். கண்ணாடியின் பின்பக்கம் மெல்ல எழும்பி நிற்கிறது. இறங்கி வந்து மாவைப் பார்க்கிறார். உருண்டை கம்பியில் அழுந்தி ஒரு விரற்கடை கனத்துக்கு வந்திருக்கிறது.

"ஒரு விரக்கட இருக்குங்க சார். போதும். தோட்டத்து ரோட்டுல எப்புடிக் குலுங்கினாலும் கண்ணாடி போய்க் கம்பியில இடிக்காது."

மாவு பக்கத்து ரொட்டிக் கடை அப்லாலுடையது. கேட்டு வாங்குவதெல்லாம் இல்லை. சன்ரூஃப் உள்ள கார் வந்து நின்றால் கிருஷ்ணராஜ் தானே போய் மாப்பலகையிலிருந்து கிள்ளிக்கொண்டு வந்துவிடுவார். "இந்த ரோட்டுல போற பாதிக் காருக்கு என்ட ரொட்டி மாதான் தின்னக் குடுத்திருக்கு" என்பார் அப்லால். ஆனாலும் ஒரு நாள்கூடத் தடுத்ததில்லை. அளந்து முடிந்த உருண்டை கடையோரத்துக் கோழிகளுக்குப் போகும். அவையும் கார்களைப் பார்த்தால் கிட்டே வரப் பழகியிருக்கின்றன.

கஹவத்தை டவுனைத் தாண்டி, ரப்பர் மரங்கள் தொடங்கும் வளைவில் இருக்கிறது கிருஷ்ணராஜின் கொட்டகை. வயது ஐம்பத்து நான்கு. ஆள் குட்டை. கார்க் கூரைகளோடு மல்லுக்கட்டும் தொழிலுக்கு இப்படியொரு உயரத்தில் அவரை அனுப்பியவனைத்தான் கேட்க வேண்டும். ரப்பர் பால் சுமக்கும் வாளி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வார். காரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது வாளியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போவார். அந்தச் சத்தம் கேட்டால் கொட்டகையில் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

எல்லோருக்கும் அவர் ராஜ் பாஸ். இந்தப் பக்கத்தில் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான், சிங்களவர் வைத்த மரியாதை அது. தோட்டத்து ரப்பர் பாக்டரியில் பத்து வருடம் பிட்டராக இருந்தவர். அந்தப் பழக்கம் இரண்டு விஷயத்தில் விடவில்லை. ஒன்று, ராக்கின் பாதத்துக்கு அடியில் வைக்கும் ரப்பர் துண்டைக் கடித்துப் பார்ப்பது. முன்பல்லால் ஒரு கடி, கண்ணை மூடி ஒரு யோசனை, பிறகு தீர்ப்பு. "இது டயரு ரப்பர். பெயின்ட உரிச்சிரும்." மற்றது, நட்டை இறுக்கும்போது சிங்களத்தில் எண்ணுவது. எகாய், தெகாய், துனாய். மூன்றுக்கு மேல் ஒரு திருப்பும் இல்லை. தமிழில் எண்ணினால் என்ன என்று கேட்டேன்.

"தொழில் சொல்லிக் குடுத்த பாஸு சிங்களவருங்க. கையி அந்தப் பாசையிலதான் எண்ணுது. தமிழ்ல எண்ணினா நாலு சுத்து சுத்திருது, நட்டு அந்துருது."

சன்ரூஃப் உள்ள கார் என்றாலே அவருக்கு ஓர் இளக்காரம். "நாட்டுலயே ஆகக் கூடுதலா மழ பேயிற எடம் இது. இங்க வந்து கூரையில ஓட்ட போட்டுக்கிட்டு வர்றாங்க பாருங்க." சொல்லிவிட்டு, தேத்தண்ணீர்க் கேத்தலை எடுத்துக்கொண்டு வருவார். கண்ணாடியைத் திறந்து, அதைச் சுற்றியுள்ள சிறு வாய்க்காலில் தண்ணீரை ஊற்றுவார். புதிதாகக் கார் வாங்கியவர்கள் அந்த நேரத்தில் போடும் முகத்தைப் பார்க்கவே அப்லாலின் கடையில் சிலர் பிளேன்டீயோடு காத்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே வழியாது. நான்கு மூலையிலும் குழாய் உண்டு. சக்கரத்தின் ஓரமாகச் சொட்டி வெளியேற வேண்டும். சொட்டாவிட்டால் ரப்பர் இலை அடைத்திருக்கிறது என்று பொருள். பழைய சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குடைந்து எடுப்பார். என் காரிலிருந்து எடுத்த குப்பையைக் கையில் வைத்துக் காட்டி, "இதுல ஒரு தேயிலக் கன்னு வெக்கலாம் சார்" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கொட்டகையின் உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் பழைய தராசு. கூரை மேல் ஏற்றப்போகும் சாமான் பெரியதென்றால் அதில் மாட்டி நிறுக்காமல் ராக்கைத் தொடமாட்டார். சன்ரூஃப் கார் என்றால் அறுபது கிலோவுக்கு மேல் ஓர் இம்மியும் ஏறாது. மாணிக்கக்கல் தோண்டும் கிடங்கு வைத்திருக்கும் ஒரு முதலாளி, தண்ணீர் இறைக்கும் மோட்டரைக் கூரையில் ஏற்றிக்கொண்டு போக வந்தார். தராசு எண்பத்தெட்டு காட்டியது. கிருஷ்ணராஜ் பூட்டிய கம்பிகளைத் திரும்பக் கழற்றத் தொடங்கிவிட்டார். முதலாளி சிங்களத்தில் இவருடைய பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

"திட்டட்டுங்க. திட்டிக்கிட்டே வீடு போய்ச் சேருவாருல்ல."

அவர் குடியிருக்கும் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்குள் கார்கள் வரத் தொடங்கிய பிறகுதான் தொடங்கியிருக்க வேண்டும். கல்யாணம் முடிந்து பெண் புறப்படும்போது, அவளுக்குக் கொடுக்கும் அலுமாரி அவள் போகும் காரின் கூரையிலேயே போக வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணாடிக் கதவு வானத்தைப் பார்க்கும்படி கட்டுவார்கள். கார், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் நடுவே ஊர்ந்து போகும்போது ஆட்கள் வாசலில் வந்து நின்று பார்ப்பார்கள். மேட்டு லயத்தில் இருப்பவர்களுக்குக் கீழே போகும் கண்ணாடியில் மேகம் தெரியும். அப்படிப் போன அலுமாரிகள் அத்தனைக்கும் ராக் பூட்டியவர் கிருஷ்ணராஜ்தான்.

போன வருடம் அவருடைய மகள் நிரோஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை அவள். மாப்பிள்ளை புளத்கொகுபிட்டிய பக்கம். மாப்பிள்ளையின் அண்ணன் புதிதாகக் கார் வாங்கியிருப்பதாகவும் அதில்தான் பெண்ணை அழைத்துப் போவார்கள் என்றும் கேள்விப்பட்டதிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. "எங்க வூட்டுக்கும் கார் வருது சார்" என்று என்னிடம் மட்டும் மூன்று தடவை சொன்னார். மூன்று கதவு வைத்த மகோகனி அலுமாரிக்குச் சொல்லி, வாரத்துக்கு இரண்டு தடவை தச்சுப் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவந்தார். நடுக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. எல்லோர் வீட்டு அலுமாரியையும் தராசில் தொங்கவிட்டவர் தன் வீட்டு அலுமாரியை மட்டும் நிறுக்கவில்லை. நினைவில்லாமலா, நினைத்தே விட்டாரா என்று நான் கேட்டதில்லை.

கல்யாணத்தன்று கோயிலடியில் வந்து நின்ற கார் வெள்ளை நிறம், நல்ல உயரம், கூரையில் பாதிக்கு மேல் கண்ணாடி. கிருஷ்ணராஜின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். பந்தியில் பாயசம் இல்லை என்று சொல்லிவிட்டால் குழந்தைகள் பார்க்குமே, அப்படி இருந்தது. ஆனால் ஒரு நிமிடம்தான். சாப்பாடு முடிந்ததும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வாளியைக் கவிழ்த்து ஏறிவிட்டார். எகாய், தெகாய், துனாய். கம்பிகள் இரண்டும் பூட்டியாயிற்று. விருந்துக்கு வந்திருந்த அப்லால் சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே மாவு.

"உங்களுக்குத் தேவைப்படும்டு தெரியும் பாஸ். மொய் வேற இருக்கி, பயப்படாதீங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மூடிய கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே உருண்டையை வைத்தார் கிருஷ்ணராஜ். எட்டுப் பேர் மூச்சைப் பிடித்து அலுமாரியைத் தூக்கினார்கள். எட்டுப் பேர் தேவைப்பட்டதிலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அலுமாரி கூரையில் ஏறிப் படுத்தது. கண்ணாடியில் மழைக்கு இருண்டுகொண்டிருந்த வானம் முழுவதும் விழுந்தது. உண்மையிலேயே அழகாக இருந்தது. லயத்துப் பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

கிருஷ்ணராஜ் குனிந்து மாவைப் பார்த்தார். கம்பி நடுவில் தொய்ந்து, உருண்டையை அப்பளமாக நசுக்கியிருந்தது. இன்னும் ஒரு மயிரிழை இறங்கினால் கண்ணாடியில் முட்டும்.

"பரவால்லங்க மாமா, மெதுவாத்தான் போவோம்" என்றான் மாப்பிள்ளையின் அண்ணன்.

புளத்கொகுபிட்டியவுக்கு நான்கு மணி நேரம். அதில் பாதி வளைவு. இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது என்று என் மனம் அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தது. அவர் அந்த அப்பளத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் இருக்கையில் நிரோஷா ஏற்கெனவே ஏறி அமர்ந்திருந்தாள். வாளி மேல் ஏறி, அலுமாரிக்குப் பின்னால் எஞ்சியிருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். மகளின் உச்சி வகிடும் அதில் வைத்த பூவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எறக்குங்க" என்றார்.

அவர் மனைவி விஜயகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊரு சனத்துக்கெல்லாம் பூட்டிக் குடுத்தீங்க. நம்ம புள்ளையோடது மட்டும் லொறியில போவணுமா?"

"எனக்கு ஆச இல்லையா விஜயா? ஆறு மாசமா இதத்தான் கெனாக் கண்டுக்கிட்டு இருந்தேன்." உள்ளங்கையிலிருந்த அப்பளத்தை மனைவியிடம் நீட்டிக் காட்டினார். "கீழ குந்திக்கிட்டுப் போறது நம்ம புள்ள. மோட்டருக்கு முடியாதுன்னு சொன்னவன் இதுக்கு மட்டும் எப்புடிச் சரின்னு சொல்லுவேன்?"

எட்டுப் பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இறக்கினார்கள். அலுமாரி, சமையல் பாத்திரங்களோடு வந்திருந்த லொறியில் ஏறியது. தார்பாய் போட்டு மூடியதும் அது அலுமாரியா அரிசி மூட்டையா என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. லொறி முன்னால் போய்விட்டது. வாசல்களில் காத்திருந்தவர்கள் சிலர் உள்ளே திரும்பவும் தொடங்கினார்கள்.

கிருஷ்ணராஜ் ஸ்பெனரை எடுத்து இரண்டு கம்பிகளையும் கழற்றினார். கோபத்தில் கழற்றுகிறார் என்றுதான் நினைத்தோம். கம்பிகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, காரின் முன் ஜன்னலுக்குப் போனார்.

"தம்பி, அதத் தெறங்க."

"எத மாமா?"

"கூரைய." பிறகு பின்னால் குனிந்து, "பாப்பா, எழும்பி நில்லு. லயத்து வளைவு வரைக்கும்தான். தம்பி, நடக்கிற வேகம். அதுக்கு மேல ஒரு அடி கூடப் போவக் கூடாது."

கண்ணாடி விலகியது. முதலில் பூச்சரம், பிறகு வெட்கமும் சிரிப்புமாக ஒரு முகம், பிறகு மாலையும் சிவப்புக் கூறைச் சேலையுமாக நிரோஷா கூரைக்கு மேல் எழுந்து நின்றாள். உள்ளே போனவர்கள் திரும்ப ஓடி வந்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடின. மேட்டு லயத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். கும்பிட்டவர்கள், கையசைத்தவர்கள், அழுதவர்கள், எல்லோரும் இந்த முறை பெண்ணைத்தான் பார்த்தார்கள். விஜயகலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

கார் ஊர்ந்தது. பக்கத்திலேயே நடந்தார் கிருஷ்ணராஜ். கண்ணாடி ஓடும் தடத்தில் மாட்டிவிடாதபடி மகளின் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். அவர் உயரத்துக்கு அந்தக் கை தலைக்கு மேலேயே இருந்தது. வளைவில் கார் நின்றது. முதல் தூறல் விழுந்தது. "குந்து பாப்பா" என்று தலைப்பை உள்ளே விட்டார். கண்ணாடி மூடிக்கொண்டது. ஓரத்து ரப்பரை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, புறப்படலாம் என்பதற்கு அடையாளமாகக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்குப் பிறகு கையை எடுக்கவில்லை; கார்தான் மெதுவாக அந்தக் கைக்கு அடியிலிருந்து நழுவிப் போனது.