ஃபோகஸ் திருகில் வைத்த பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன், நியூ ஜெர்சியில் ஓர் ஆராய்ச்சி லேபில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்யாணமாகி வந்து, விசாவில் வேலைக்கு அனுமதி இல்லாததால் ஏழு வருடம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த பிறகு கிடைத்த வேலை. கேட்கவா வேண்டும், தலைகால் புரியவில்லை.

கண்ணுக்கே தெரியாத, மண்ணில் வாழும் மூன்று வகைப் புழுக்கள். முட்டைக்குள் எதன் கரு முந்தி வளர்கிறது, எது பிந்துகிறது என்று ஒப்பிட வேண்டும். மைக்ராஸ்கோப் நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும். கோத்து ஓட்டினால், நாள் முழுக்க நடந்ததை அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் காட்டவேண்டிய படத்தை, முதல் தடவையாக என்னைத் தனியாக எடுக்கச் சொல்லியிருந்தார் லேபை நடத்துகிற மேடம்.

அன்று ஆயுத பூஜை. காலையில் எல்லாம் சரிபார்த்து ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டேன். வீட்டில் கிளம்புமுன்பே கார், லேப்டாப், மிக்ஸிக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. சோறு போடுகிற மைக்ராஸ்கோப்பை மட்டும் விட மனசு வரவில்லை. தினமும் என் கை படுவது ஃபோகஸ் திருகில்தானே என்று அதிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தால், முதல் பத்துப் படம் பளிச். அப்புறம் கடைசி வரை ஒரே மங்கல். மங்க ஆரம்பித்தது ஒன்பது பத்துக்கு. வாட்ஸ்அப்பில் போட்டோ போனது ஒன்பது பதினொன்றுக்கு. பொட்டு வைத்த என் விரல்தான் திருகை நகர்த்தியிருக்கிறது.

கணவருக்கு போன் பண்ணினேன். "பேசாம மெஷின்ல ஏதோ ப்ராப்ளம்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்றுக் கும்பிட்ட மெஷின் மேலேயே இன்று பழி போட எனக்கு வாய் வரவில்லை.

மேடம் லேசில் சிரிக்காதவர். போட்டோவையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்தப் பொட்டையே கொஞ்ச நேரம் பார்த்தவர், இது எதற்கு என்று கேட்டார். வாழவைக்கிற கருவிக்கு வருடத்துக்கொரு நாள் நன்றி சொல்வோம் என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, புதுக் கருக்களை எடுத்து வைக்க உதவினார். நான் ஸ்டார்ட் பண்ணப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்தி, இந்தத் தடவை பொட்டு வைப்பதாக இருந்தால் இப்போதே வைத்துவிடு என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. நான்தான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் படம் தயார்.

இப்போது ஆயுத பூஜை வந்தால் லேபில் எல்லா மெஷினுக்கும் பொட்டு உண்டு, திருகில் மட்டும் கிடையாது. அன்று பொய் சொல்லியிருந்தாலும் வேலை பிழைத்திருக்கும்தான். ஆனால் அடுத்த வருடம் அந்த மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைக்க எனக்குக் கை வந்திருக்காது.