மூலையில் ஒரு விரல் அகலம்

அந்தப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. தண்ணீர் ஊற்றுவது, கொட்டியதைத் துடைப்பது எல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. சீஸ் பிஸ்கட் டப்பாதான் உயிரை வாங்கியது. ஒரு குழியில் நாலு துண்டு சீஸ், பக்கத்துக் குழியில் ஆறு உப்பு பிஸ்கட், மேலே பளபளவென்று ஒட்டிய தாள். அதை ஐந்து வயதுப் பிள்ளை பிரிப்பதற்குள் மணி அடித்துவிடும். "அக்கா, பிரிச்சுத் தாங்க!" என்று அறுபது குரல். இருப்பதோ இரண்டு கை.

ஒருநாள் கடைசி மேசைக் குட்டிப்பெண் ஒருத்தி டப்பாவைப் பிரிக்காமலே பைக்குள் திணித்தாள்.

"ஏன்டா கண்ணு, சாப்பிடலையா?"

"கூப்பிட்டேன். நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் போட்டாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று அச்சடித்த பதிலும், இலவசமாக இரண்டு டப்பாவும் வந்தன. அவள் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. நான் நேர்லயே போறேன்."

அடுத்த விடுமுறையில் அந்த இரண்டு டப்பாவோடு பஸ் ஏறினாள். தொழிற்சாலை வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கடைசியில் மேனேஜரே வெளியே வந்தார்.

"சொல்லுங்கம்மா."

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க சார். துடைக்காதீங்க. பிள்ளைங்க அப்படித்தான் வருவாங்க. இப்ப இதைப் பிரிங்க."

அவர் இழுத்தார். வழுக்கியது. நகத்தால் நெம்பினார். அசையவில்லை. இரண்டாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் தாள் குறுக்கே கிழிந்து, பிஸ்கட் தூள் சட்டையெல்லாம் சிதறியது. வரவேற்பறைப் பெண் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு மூலையில மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டாம விடுங்க சார், பிடிச்சு இழுக்க."

"காத்து உள்ள போய் பிஸ்கட் நமுத்துடுமேம்மா."

"உள்ள ஒட்டுல கை வைக்காதீங்க. தாளை மட்டும் வெளியே நீட்டிவிடுங்க."

அவர் சட்டையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு அவளுக்கும் ஒரு வெள்ளைத் தொப்பி மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனார். தாள் ஒட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர் கேட்டுவிட்டு, "வெட்டுற அச்சை மாத்தினா ஆச்சு. இதை நாம யோசிக்கவே இல்லையே!" என்றார்.

நாலு மாதமாயிற்று. இரண்டு முறை அச்சு சொதப்பியது. மூன்றாவது முறை சரியாக வந்தது.

புது டப்பா வந்த மதியம் அறை முழுக்கச் சர்ரென்று தாள் உரியும் சத்தம். பிள்ளைகள் தாங்களே பிரித்து, சீஸை பிஸ்கட் மேல் அடுக்கி, வாய் கொள்ளாமல் மென்றார்கள். வீரப்பதக்கம் போல ஒருவன் தாளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டான். அவள் இடுப்பில் கையை ஊன்றி நடுவில் நின்றாள். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை.

போன் அடித்தது. மேனேஜர்.

"எப்படிம்மா இருக்கு? ஒரே இரைச்சலா இருக்கே?"

"சாப்பிடுற இரைச்சல் சார், நல்லா கேளுங்க!" என்று போனை அறையை நோக்கி உயர்த்திப் பிடித்தாள்.