ஆமை சுமந்த பெரியவர்

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒரே அறை. ஆறு கணினிகள், கதவோரம் ஆறு ஜோடி செருப்பு. அங்கே விளையாடுவதுதான் வேலை. நேரமில்லாத வாடிக்கையாளர்கள் தங்கள் விளையாட்டுக் கணக்கை ஒப்படைத்துவிடுவார்கள். மரக்குச்சியோடு நிற்கும் அவர்களுடைய வீரனை இவர்கள் மாதக்கணக்கில் ஆடி வளர்த்து, நெருப்பு வாளும் இடி மந்திரமும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

வீரனுக்குச் சக்தி வானத்திலிருந்து இறங்கியதாகத்தான் விளையாட்டின் கதை சொல்லும். மூன்றாவது இருக்கையில் இருப்பவளுக்கு அது வேறு மாதிரி தெரியும். இடி மந்திரம் என்றால் சதுப்பு நிலத்தில் நாலாயிரம் தவளைகளை அடிப்பது. காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் முந்நூறு முடியும்.

முப்பத்தொரு வயதான அவளை அங்கே எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் ஒரு கிழவரால் வந்தது. விளையாட்டில் ஆற்றங்கரையில் அவர் உட்கார்ந்திருப்பார். 'என்னை அக்கரையில் விடுவாயா?' என்பார். தூக்கினால் வீரனின் வேகம் பாதியாகிவிடும். புள்ளியும் கிடையாது, பொருளும் கிடையாது. நடு ஆற்றில் 'கனக்கிறேனா?' என்று கேட்பார். திரையில் ஆம், இல்லை என இரண்டு பொத்தான்கள் வரும். அவள் இல்லை என்று அழுத்துவாள். மறுநாள் பார்த்தால் மனிதர் பழையபடி இக்கரையில் இருப்பார்.

"அக்கா, அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்ல. உங்கள பஸ்ஸாக்கிட்டாரு" என்பான் பக்கத்து இருக்கைக்காரன்.

"பஸ்ஸுன்னா கை காட்டினா நிக்கணும்ல. நின்னுட்டுப் போறேன்."

முதலாளி அவள் மேஜையில் இருக்கும் வேலைப் பட்டியலைத் தட்டிக் காட்டுவார். "இதுல இருக்கறத மட்டும் செய்மா. பெரியவரத் தூக்கச் சொல்லி யாரும் கேக்கல."

"அவரே கேக்கறாரே சார்."

காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாதத்தில் கால் விழுந்த பிறகு அவள் அப்பா மாலையில் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்திருப்பார். ஏறிப் போகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். "இதோ வந்துடறேன் பெரியவரே" என்று சொல்லாமல் ஒருவரும் தாண்டியதில்லை. இவள் வேலை முடிந்து வந்துதான் நான்கு மாடியும் அவரைத் தாங்கி ஏற்றுவாள். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரைத் தாண்டிப் போக அவள் விரலுக்கு வரவில்லை.

அப்படி ஒரு வீரனை எட்டு மாதம் வளர்த்து மலையுச்சிக்குக் கொண்டுவந்துவிட்டாள். உச்சியில் ஒரு கதவு, உள்ளே ஒரு விளக்கு. தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு மட்டும்தான் அது எரியுமாம். இதுவரை யாருக்கும் எரிந்ததில்லை. அலுவலகத்தின் வழக்கப்படி கடைசிக் கதவுக்கு முன்னால் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெருமை வாடிக்கையாளருக்கு.

"சார், இந்த ஒரு தடவ கதவ நான் திறக்கறேன். விளக்கு எரியறதப் பாத்துட்டு எழுந்துடறேன்."

"பொண்ணுக்கு அலங்காரம் பண்ணவங்க போட்டோல நடுவுல நிப்பாங்களாம்மா?" என்று முதலாளி சிரித்தார். கணக்கு கைமாறியது.

அரை மணி நேரத்தில் வாடிக்கையாளரின் போன் வந்தது. முதலாளி அதை அவளிடம் நீட்டினார்.

"விளக்கு என்னமோ கேக்குதுங்க. 'நடு ஆற்றில் அவன் கேட்டதற்கு நீ எப்போதும் சொன்ன பதில் என்ன?'ன்னு. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு. தப்பா அழுத்தினா மரக்குச்சிக்கே திரும்பிடுவானாம். எந்த ஆறு? யாரு கேட்டான்?"

ஒருவருக்கும் வேண்டாத கிழவரைத்தான் விளக்கு இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆள் ஒன்றுமில்லாமல் நிற்பான். அவனோடு வீரனும் நிற்பான். எட்டு மாதம் முனகாமல் சுமந்தவன் அவன்.

"சீக்கிரம் சொல்லுங்க, நேரம் ஓடுது."

"இல்லன்னு அழுத்துங்க."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது. நன்றி என்ற சொல் அதில் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரன் போனில் ஒரு பேட்டியைக் காட்டினான், விளக்கை முதன்முதலில் எரியவைத்தவர் என்று அந்த வாடிக்கையாளரை எடுத்தது. அந்தப் பெரியவரைத் தூக்க எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள்.

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தாங்க. வயசானவங்க உக்காந்திருந்தா என்னால தாண்டிப் போக முடியாது" என்றார் வாடிக்கையாளர். பார்க்க நல்ல முகம்.

"அக்கா, இவருக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாது. உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன்."

அவள் டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள்.

திங்கட்கிழமை ஆறு மேஜைகளிலும் புதிய பட்டியல் இருந்தது. தவளைக்கு அடுத்த வரி: பெரியவரைத் தூக்குதல், தினமும் ஒரு முறை, இருநூறு நாள், பதில் 'இல்லை'. "பாத்தியாம்மா, உன் யோசனைதான்" என்று முதலாளி அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார். நிஜமாகவே பாராட்டுவதாக அவர் நினைத்தார்.

அறையில் ஆறு திரைகளிலும் ஆறு கிழவர்கள் ஆறு முதுகுகளில் ஏறினார்கள். அவளுடைய புதிய வீரனிடம் மரக்குச்சிதான் இருந்தது. தண்ணீர் இடுப்பளவு வந்தபோது கிழவர் கேட்டார்: 'கனக்கிறேனா?'

அவள் ஆம் என்று அழுத்தினாள்.