பாலித் தீவு ஆமைகள்

என் வீட்டுக்காரர் எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் பொருளைக் கவிழ்த்துப் பார்ப்பார். கோப்பையோ, பூச்சாடியோ, பிள்ளையாரோ, எதுவானாலும் தலைகீழாக்கி, அடிப்பக்கத்தை விரலால் தடவி, நகத்தால் இரண்டு தட்டு தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் மேலே என்ன இருக்கிறது என்றே கவனிப்பார். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பல வருஷமாகச் சூளை பார்க்கிறவர். வெந்ததா வேகாததா என்ற ஒரே கேள்வியோடுதான் உலகத்தைப் பார்ப்பார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், கல்யாண நாளுக்கென்று எங்கள் இருவருக்கும் பாலித் தீவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஐந்து நாள். கடலில் குளியுங்கள், கை கோத்து நடங்கள் என்று சொல்லி அனுப்பினாள். நான் கடைத்தெருவுக்குப் போனேன். அவர் கூடவே வந்து கவிழ்த்துப் பார்த்தார்.

எனக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, எங்கள் ஹாலில் வெறிச்சென்று கிடக்கும் சுவருக்கு ஓர் ஓவியம். இன்னொன்று, ஸ்டாஃப் ரூமுக்குப் பரிசுப் பொருள். நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில் என்னைத் தவிரப் பதினோரு டீச்சர்கள். யார் எங்கே போய்விட்டு வந்தாலும் ஆளுக்கொன்று கொண்டு வந்தாக வேண்டும். திருப்பதி போனால் லட்டு, கொடைக்கானல் போனால் சாக்லேட். நான் கடல் தாண்டிப் போகிறேன் என்றதும் எல்லோரும் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். அப்படிச் சொன்ன விதத்திலேயே பெரிதாக எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

ஓவியம் முதல் நாளே அமைந்தது. ஒரு சின்னக் கடையின் வாசலில் என் வயதுப் பெண்ணொருத்தி தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாட்டியிருந்த படத்தில் படிப்படியாக வயல், நடுவில் ஓர் ஓலைக் குடிசை, வரப்பில் வரிசையாக வாத்துகள்.

"இத வாங்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? நல்லூர் பக்கம் போனா நெசமாவே பாத்துட்டு வரலாம். பஸ்ஸு சார்ஜோட போச்சு" என்றார் அவர்.

"நல்லூர் வயல ஹால்ல மாட்ட முடியுமாங்க?"

அந்தப் பெண் விலை சொன்னாள். அந்த ஊர்ப் பணத்தில் ஆறு லட்சம். வீட்டுக்காரர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நம் பணத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம்தான் என்று நான் காதில் சொன்ன பிறகு எழுந்து, தமிழிலேயே பேரம் பேச ஆரம்பித்தார். அவள் அவளுடைய பாஷையில் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். விலை எப்படியோ நாலரைக்கு வந்து நின்றது. கடைசியில் அவள் விரலை உயர்த்தி, "ஒன்லி ஒன், மேடம். ஒன்லி ஒன்" என்றாள். உலகத்திலேயே இந்த ஒரு படம்தான் என்கிறாள் என்று புரிந்துகொண்டு, பெருமையாகச் சுருட்டி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு தெரு தள்ளி அதே வயல், அதே குடிசை. அதற்கடுத்த கடையில் இரண்டு. முக்கில் இன்னொன்று. அவர் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று எதையோ எண்ணிவிட்டு வந்தார்.

"இதுலல்லாம் ஆறு வாத்துதான். நம்மளுதுல ஏழு இருக்குது. வுடு."

அதன் பிறகு அந்தப் படத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஸ்டாஃப் ரூமுக்கு மரத்தில் செதுக்கிய ஆமைகள் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் பதினோரு ஆமை. "எல்லாருக்கும் ஆமை வாங்கியாச்சு" என்று எங்கள் டீச்சர்கள் குழுவில் அன்றே வாட்ஸப் செய்தி போட்டேன். நான் செய்த தப்பு அதுதான். பதினோரு பேரும் இதயம் அனுப்பினார்கள்.

கடைசி நாள், கடல் ஓரத்துப் பாறை மேலிருக்கும் ஒரு கோயிலுக்குப் போனோம். அங்கே குரங்குகள் அதிகம். கண்ணாடியைக் கழற்றுங்கள், போனைக் கெட்டியாகப் பிடியுங்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். ஆமைகள் இருந்த மஞ்சள் துணிப்பையைப் பற்றி எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

கையில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. திரும்பிப் பார்த்தால் நம்மூர் ஜவுளிக்கடைப் பை மதில் மேல் போய்க்கொண்டிருந்தது.

கோயில் ஆள் ஒருவர் வாழைப்பழத்தோடு ஓடி வந்தார். பழத்தைக் கொடுத்தால் பொருளைத் திருப்பித் தருமாம், அதுதான் வழக்கமாம். அந்தக் குரங்கு பழத்தை வாங்கித் தின்றது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டது. பிறகு ஓர் ஆமையை எடுத்துக் கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, முதுகுக்குப் பின்னால் எறிந்தது. பின்னால் கடல். அடுத்ததை எடுத்து அதையும் கடித்துப் பார்த்தது. ஒன்றாவது பழமாக இருக்காதா என்ற நம்பிக்கையோடு பதினொன்றையும் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் வீடியோ எடுத்தார்கள். காலிப் பை மட்டும் ஒரு செடியில் விழுந்து எனக்குத் திரும்பக் கிடைத்தது.

எனக்கு அழுகை வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாறைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஆமைதான? கடலுக்குத்தான போவுது. போவட்டும்."

மறுநாள் விடிந்ததும் விமானம். விமான நிலையக் கடையில் ஆமை இருந்தது, விலைதான் தொடக்கூட விடவில்லை. சென்னை வந்து திருச்சி பஸ் ஏறினோம். விருத்தாசலத்துக்குள் போகாது, வேப்பூரில்தான் நிறுத்துவேன் என்றார் கண்டக்டர். அங்கே இறங்கி, ரோட்டோர ஓட்டலில் தோசை சொல்லிவிட்டு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போவணுங்க. ஆமைன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன்."

அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எங்க யூனிட்டுல இப்ப ஆமை ஓடுது."

"என்னது?"

"ஆர்டருக்குப் போட்டது. பச்சையும் நீலமும் கலந்து மேப்பூச்சு கிளேஸு அருமையா வந்திருக்குது. கொஞ்சம் கறை வுழுந்ததைத் தனியா எடுத்து வெச்சிருக்கோம். அத வெலைக்கு வாங்கிக்கலாம். நீ மரம்னு சொன்னியா?"

"ஆமைன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் என் மனசாட்சி என்னோடு சண்டை போட்டது. டீ சின்ன கிளாஸ்.

திங்கட்கிழமை பதினோரு ஆமைகளையும் பாலியில் வாங்கிய பூப்போட்ட காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன். பொய் சொல்லக் கூடாது என்ற தீர்மானத்தோடு, "போயிட்டு வந்ததுக்கு ஞாபகமா" என்று மட்டும் சொல்லித்தான் கொடுத்தேன். பிரித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கண் எப்படி உயிரோடு பார்க்குது பாருங்க என்றார் ஒருவர். நம்மூர் ஆளுங்களுக்கு இந்த நேர்த்தி வராது என்றார் இன்னொருவர். தலைமையாசிரியை ஆமையை மேஜை மேல் வைத்து, "இது எதால செஞ்சதுங்க டீச்சர்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க எரிமல இருக்குதில்லீங்களா? அதோட சாம்பலக் கலந்து செய்யறாங்க."

சயின்ஸ் டீச்சர் ஆமையைப் பேனாவால் தட்டிப் பார்த்தார். "ஆமாங்க, சத்தமே வேற மாதிரி இருக்குது" என்றார்.

வீட்டில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். எங்கள் பள்ளித் தமிழ் டீச்சரின் அக்கா என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "மோட்டர் போட்டுட்டு வரேன்" என்று பின்கட்டுக்குப் போனார். தண்ணீர்த்தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்த நேரம் அது.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பையிலிருந்து ஓர் ஆமையை எடுத்து டீப்பாயில் வைத்தார்.

"டீச்சர், அந்தத் தீவுல எனக்கும் ஒரு வேல வாங்கிக் குடுங்க."

ஆமையின் கண்ணை விரலால் தொட்டுக் காட்டினார்.

"சாரு வேல பாக்கற யூனிட்டுலதான் நானும் பெயின்ட்டிங்ல இருக்கறேன். இந்தக் கண்ணு நான் வெச்சது. கருப்புக்குள்ள ஓரமா ஒரு வெள்ளப் புள்ளி இருக்குது பாருங்க. மத்தவங்க வெக்க மாட்டாங்க. அது இல்லன்னா பொம்மைக்குப் பார்வ வராது."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லல." சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "போன மாசம் இதே மாதிரி ஒரு ஆமைய வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி அவகிட்ட காட்டுனேன். கண்ணு முழிச்சிட்டு இருக்குது, நல்லா இல்லன்னு சொன்னா. இப்ப நீங்க குடுத்தத ஷோகேஸுல வெச்சி, அக்கா, ஃபாரின்காரன் கண்ணு வெச்சிருக்கறதப் பாத்துக் கத்துக்கன்னு எனக்கே சொல்றா."

குறும்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டால் அசடு வழியலாம், எனக்கு அது பழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது. அன்று ஸ்டாஃப் ரூமில் நம்மூர் ஆட்களுக்கு நேர்த்தி வராது என்று சொன்னபோது நானும் தலையாட்டியது ஞாபகம் வந்தது. "தப்புதாங்க. திங்கக்கெழம நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லுங்க, சொல்லாம இருங்க, உங்க இஷ்டம். எரிமலச் சாம்பல்னு சொன்னீங்களாமே, அதக் கேட்டுட்டு பாத்ரூம்ல போயி சிரிச்சேன்." பிறகு சுவரைப் பார்த்து எழுந்தார். "இதுவும் அங்க வாங்குனதா? இல்ல, இதுவும் சாரு குடுத்ததா?"

"இது நெசமாவே அங்க வாங்குனதுங்க."

சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்துக்கு மூக்கை ஒட்டினாற்போல் நின்று பார்த்தார். வயலின் பச்சையை மெச்சினார். குடிசைக் கூரையை ஒருவழியாக மன்னித்தார். வாத்துகளிடம் வந்ததும் உச்சுக் கொட்டினார்.

"வாத்துக்குக் கண்ணே வெக்கல டீச்சர். அவசரத்துல வுட்டுட்டாங்க. ஏழும் குருடாப் போவுதுங்க."

அத்தனை நாளாக எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்த மனிதருக்கும் தெரியவில்லை. சொன்ன பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மறுநாள் அந்த அக்கா நாலே நாலு முடி உள்ள தூரிகையோடும் ஒரு சின்ன டப்பாவோடும் வந்தார். படத்தைக் கழற்றித் தரையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு கண் வைத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி. பின்கட்டிலிருந்து வந்து நின்ற என் வீட்டுக்காரர், "கடைசி வாத்து என்னையே மொறைக்குதும்மா" என்றார்.

"மோட்டரு நின்னுடுச்சாங்க சார்?" என்று கேட்டார் அவர், தலையைத் தூக்காமலே.

திங்கட்கிழமை இடைவேளையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குரங்கு, வேப்பூர் டீ, எரிமலை, ஒன்று விடாமல். கண் வைத்தது யார் என்று சொல்லும்போது தமிழ் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். முதலில் சிவந்தது. பிறகு, "எங்கக்காவா!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அடுத்த நிமிஷமே போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். தலைமையாசிரியை என்னைக் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சயின்ஸ் டீச்சர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இருந்தாலும் சத்தம் வேறதாங்க" என்றார்.

யாரும் ஆமையைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதிலாக, ஒருவர் பின் ஒருவராக என் மேஜைக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போகப் போகும் கணக்கு டீச்சர், சின்னச் சிங்கம் கிடைக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். லீவில் அந்தமான் போக டிக்கெட் எடுத்திருந்த ஜியாகரபி டீச்சர் இன்னும் நேரடியான ஆள்.

"ரெண்டு டஜன் மீனு வேணுங்க. என் நாத்தனார், ஓரகத்தி, அப்பார்ட்மென்ட்டு, எல்லாருக்கும் சேத்து. ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே வாங்கிக்கறேன். அங்க போயி யாரு அலையறது?"

சனிக்கிழமை அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். இம்முறை அவருடைய வீட்டில் நான்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவர் காப்பி கொடுத்துவிட்டு, மீன் எந்த நிறம், வால் எப்படி என்று கேட்டுக்கொண்டார். பிறகு யோசனையாகக் கேட்டார்.

"எல்லாத்தயும் இங்கயே வாங்கிட்டா, அவங்க அந்தமானுக்குப் போயி என்ன பண்ணுவாங்க டீச்சர்?"

"கடலப் பாப்பாங்க" என்றேன்.

"ஆங், அதுவும் சரிதான்" என்று காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.