திறந்து கிடந்த குளிர் அறை

என் வாப்பாவுக்குக் கதவு என்றால் உயிர். வீட்டுக் கதவு இல்லை. பர்மாவில், அலோன் துறைமுகப் பக்கம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கிடங்கில், ஆப்பிள் வைக்கிற குளிர் அறையின் கதவு. பெட்டி தூக்கிப் போகிற ஆள் அதை ஒரு நிமிஷம் சாத்தாமல் விட்டால் போதும், வாப்பா போடுகிற கூச்சலில் படகுத்துறையே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவர், சித்திரை வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் அந்தக் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு காலிப் பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பகீரென்கிறது.

அதற்கு முன்னால் அந்தச் சிலந்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். அந்த வேலை போன பிறகு வாப்பாவின் பழ வியாபாரத்துக்கு ஒத்தாசையாக வந்தேன். கிடங்கில் குளிர் அறைகள் இரண்டு. வந்த புதிதில் ஒரு நாள் பின்னறையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில், மெல்லிய துணியைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டியதுபோல் ஒரு வலை. அதன் அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எள்ளளவு கறுப்புச் சிலந்தி. கம்பளிச் சட்டை இல்லாமல் நாங்கள் கால் வைக்க முடியாத அறை அது. பல் கிட்டிப்போகும் குளிரில் ஒரு பூச்சி குடித்தனம் நடத்துகிறது என்றால் யார் நம்புவார்கள்? ஒன்றிரண்டு இல்லை, அடுக்கு அடுக்காக வலைகள். அழுகிய பழத்தில் உண்டாகும் சின்ன ஈக்கள் அவற்றுக்குச் சாப்பாடு.

அவை அங்கே பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் வாப்பாதான். குகை வாசலில் வலை பின்னி, துரத்தி வந்தவர்களின் கண்ணிலிருந்து நபிகளை மறைத்த ஜீவன் சிலந்தி என்று எங்கள் வீட்டில் அதைக் கொல்ல மாட்டோம். கிடங்கிலும் அதே சட்டம்தான். வலை மேல் யாரும் துடைப்பத்தை நீட்டக் கூடாது. எனக்கு முட்டுக்கட்டையாக வந்து நின்றதும் அதே சட்டம்தான்.

இந்த வகைச் சிலந்திகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறத்தை வைத்தோ கால் நீளத்தை வைத்தோ பெயர் சொல்ல முடியாது. வளர்ந்த ஆண் ஒன்று கையில் வேண்டும். ஆணின் வாயருகே இரண்டு குட்டிக் கைகள் இருக்கும். அவற்றின் நுனி குத்துச்சண்டை உறைபோலப் புடைத்திருக்கும். அதற்குள் இருக்கிற கொக்கிகளின் வளைவுதான் இனத்துக்கு இனம் மாறும். குஞ்சு ஆணுக்கும் புடைப்பு உண்டு, ஆனால் அது திறக்காத மொட்டு. கடைசித் தோலை உரித்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். அதைப் பார்க்க வேண்டுமானால் சிலந்தி ஸ்பிரிட்டில் அசையாமல் கிடக்க வேண்டும்.

வாப்பாவிடம் ஒரே ஒரு ஆண் கேட்டேன்.

"உசிரோட இருக்கறதப் புடிச்சு சாராயத்துல முக்குவியா?" என்றார். அதில் எது பெரிய பாவம், கொலையா சாராயமா என்று எனக்குப் புரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு வாப்பா. அது எந்த இனம்னு உலகத்துக்கே தெரிஞ்சுடும்."

"உலகம் கேட்டுச்சா? தானா மவுத்தானா எடுத்துக்க. நீயாப் போயிக் கை வைக்காத, சயாமா." கோபம் வந்தால் என்னை பர்மியரைப் போல 'சயாமா', அதாவது டீச்சர், என்று கூப்பிடுவார். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கிடங்கு அவருடையது, பிடிவாதமும் அவருடையது.

சரி, உயிரோடே படம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். மற்ற சிலந்தியைக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் மரத்துப்போய் அசையாமல் நிற்கும். இதுவோ குளிரில்தான் ஓட்டம் பிடிக்கிறது! என் பழைய நுண்ணோக்கியின் அடியில் அது ஓடிய ஓட்டத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தானாகச் செத்த ஒரு பெண் சிலந்தி மட்டும் பெட்டிக்கடியில் கிடைத்தது. அதன் அடிவயிற்றுத் தகட்டைப் படமெடுத்து, ஐரோப்பாவில் இந்தச் சிலந்திகளையே ஆராய்கிற ஒரு அம்மாவுக்கு இணையத்தில் அனுப்பினேன். பனி பெய்யும் வடநாட்டு இனம் ஒன்றின் சாயல் இருக்கிறது, ஆனால் புதிய இனமாகவும் இருக்கலாம், ஆண் இல்லாமல் எதையும் சொல்லாதீர்கள் என்று பதில் வந்தது. நானும் சொல்லவில்லை, வாப்பாவிடம்கூட. செத்த ஆணுக்காகக் காத்திருந்தேன். இந்த ஆண்கள் வலையில் தங்காமல் பெண்ணைத் தேடி அலைகிற ஜாதி. எங்கே சாகின்றன என்று யாருக்குத் தெரியும்? பெண்ணே தின்றும்விடும்.

பர்மியரின் தண்ணீர்த் திருவிழா நெருங்கிய வாரத்தில் மின்சாரம் போனால் வருவதே பெரிய பாடாக இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசலும் சரியாகக் கிடைக்கவில்லை. இருந்த டீசல் முன்னறைக்கு மட்டும் போதும் என்று, பின்னறை ஆப்பிளை எல்லாம் முன்னறைக்கு மாற்றி, பின்னறையை நிறுத்திவிட்டதாக ஒரு நாள் காலையில் வாப்பா போனில் சொன்னார். நான் ஊரின் இன்னொரு பக்கம், மிங்கலா தாங்ஞுன்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்தேன். பயப்படத் தோன்றவில்லை. தடித்த சுவர், தடித்த கதவு. மூடிக் கிடந்தால் அந்த அறையின் குளிர் மறுநாள் வரைக்கும் தாங்கும். அதற்குள் கரண்ட் வந்துவிடும் என்று மத்தியானம் சாவகாசமாகவே பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது.

வாப்பா வாசலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு திருப்தி. "உன் பூச்சிக்கெல்லாம் வழி விட்டுட்டேன் புள்ள. இருட்டுல அடைபட்டு மூச்சு முட்டிச் சாவக் கூடாதுல்ல? காலையிலயே தொறந்துட்டேன். எல்லாம் வெளிய போயி மரத்துல கிரத்துல பொழச்சுக்கும்."

உள்ளே ஓடினேன். அறை அடுப்படிபோல் வெந்துகொண்டிருந்தது. வலைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. சிலந்திகளும் இருந்தன, கால்களை மடக்கிக்கொண்டு. தொட்டால் உதிர்ந்தன. தண்ணீர் வடிகிற மூலையில், கடைசிக் குளிர் எங்கே மிச்சமிருந்ததோ அங்கே, கறுப்பு எள்ளைக் கொட்டியதுபோல் குவிந்து கிடந்தன. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். வாயருகே புடைப்பு. ஆண்கள், வளர்ந்த ஆண்கள். இத்தனை மாதமாகச் செத்து ஒன்றுகூடக் கையில் கிடைக்காதவை அத்தனையும் அங்கே செத்துக் கிடந்தன.

தூரிகையால் எடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டேன். வாப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் எதையோ பொறுக்குவது அவருக்குத் தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. என்ன என்றும் கேட்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நுண்ணோக்கியில் அந்தக் கொக்கி துல்லியமாகத் தெரிந்தது, கொடுக்காப்புளிக் காய்போல ஒரு முழு வளைவும் நுனியில் ஒரு பல்லும். சந்தேகத்துக்கே இடமில்லை, அந்த வடநாட்டு இனமேதான். ஆப்பிளோடு பெட்டியில் வந்து, வெளியே கால் வைக்க முடியாமல் ஒரு அறைக்குள்ளேயே தலைமுறை பெருக்கியிருக்கிறது. அந்த அம்மாவிடமிருந்து ஆச்சரியக்குறிகளாகப் பதில் வந்தது. இவ்வளவு தெற்கே இதை யாரும் கண்டதில்லையாம், வாழ்த்துகளாம். உயிரோடு இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்டிருந்தார். அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

மறுநாள் கிடங்குக்குப் போனேன். கரண்ட் வந்திருந்தது, பின்னறை மறுபடி குளிர்ந்துகொண்டிருந்தது. வாப்பா ஆப்பிள் பெட்டிகளைத் திருப்பி அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னா, பேரு தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது வாப்பா. குளிர் நாட்டுப் பூச்சி. ஆப்பிளோட வந்துருக்கு."

"குளிர் நாட்டுதா?" பெட்டியின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. "அப்ப வெளிய போனதெல்லாம்?"

"எதுவும் போகல."

திரும்பிக் கதவைப் பார்த்தார். "மூடி வச்சிருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "இன்னைக்கு வரைக்கும் தாங்கியிருக்கும்" என்றேன்.

"குளிர்ப் பூச்சின்னு முன்னயே ஏம்மா சொல்லல? நான் தொறந்திருப்பேனா?"

"நிச்சயமாத் தெரியாம எப்படி வாப்பா சொல்றது? ஆண் கெடைக்கலையே."

நான் நீட்டிய குப்பியை அவர் வாங்கினார். சாராயம் என்று தள்ளவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் படிந்து கிடந்த கறுப்பைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானம்மா கேட்ட" என்றார்.