பட்டியலில் மௌத்தானவர்கள்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருஷம் கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு இழந்தவர்களின் விண்ணப்பங்களைக் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பேனையால் எழுதினால் பிழையை வெட்டிவிட்டு மேலே எழுதலாம். இதில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததற்குப் போக விடாது. சிவப்பாக மினுங்கிக்கொண்டு நிற்கும். நான் ஒரு நாளைக்கு எத்தனை ஏற்றினேன் என்பது கொழும்பிலிருந்த பெரியவருக்கு அங்கிருந்தே தெரியும். கக்கூசுக்குப் போய் வந்தால்கூட அவருக்குத் தெரியும் என்று எனக்கொரு நினைப்பு.

கைபேசியும் ஒன்று தந்தார்கள். முதல் வாரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் பெருமையாக நடந்தேன், பொய் சொல்வானேன். பிறகு அது சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலும் அடித்தது, தொழுகைப் பாயிலும் அடித்தது. எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கொழும்புக் குரல் கேட்கும். அடிக்காத நேரத்திலும் அடிப்பது போலிருந்து எடுத்துப் பார்ப்பேன். உம்மா பார்த்துப் பார்த்து ஒரு நாள் சொன்னார்: "ஒனக்கு இனி மாப்பிள்ள பாக்கத் தேவல்ல. கொம்பியூட்டருக்குத்தான் கலியாணக் காவின் எழுதிக் குடுத்துட்டமே." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனேன். யுத்தமும் முடிந்து, அந்த அலுவலகமும் மூடிய பிறகும், எங்காவது அதே மணி கேட்டால் என் கை தானாகக் கைப்பைக்குள் போகும்.

விண்ணப்பத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அதனால் வீட்டுக்கு உரியவள் யாரோ அவள் பெயரை, கொஞ்சமும் யோசிக்காமல், அந்தக் கட்டத்தில் அடித்துக்கொண்டே போனேன். இந்த ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் அடித்திருப்பார்கள். கொழும்பில் அந்தப் புரோகிராமைச் செய்தவர்களுக்கு இது தெரியாது. தலைவர் இடத்தில் பெண் பெயர் வந்தால் அது தானாகவே "கணவர் மரணம்" என்று போட்டுக்கொண்டது.

பட்டியலை அச்சடித்து அலுவலகக் கதவில் ஒட்டினோம். காலை எட்டு மணிக்கே கதவடியில் சனம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் பட்டியலில் மௌத்தான, அதாவது செத்துப்போன, ஆண்கள். நிந்தவூரில் வயல் செய்கிற ஒருவர் பட்டியலைத் தொட்டுக் காட்டி, "மகள், நான் சுபஹு தொழுதிட்டு, பிளேன்டியும் குடிச்சிட்டு வாறன். எப்ப மௌத்தானன் எண்டு சொன்னா ஜனாஸாவுக்காவது போகலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம்வரை ஒவ்வொருவராக "உயிருடன்" என்று மாற்றினேன். மாற்றினால் வீடு புருஷன் பெயருக்குப் போகும், அவரே வந்து கையெழுத்தும் வைக்க வேண்டும். பெண்கள் முணுமுணுத்தார்கள், ஆண்கள் கையெழுத்து வைத்தார்கள்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு ஒரு ராத்தா, அக்கா வயதுப் பெண், வந்தார். அவருடைய புருஷன் கடல் வந்த அன்று காலை கரைவலை இழுக்கப் போனவர். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

"எங்கட இவர மௌத்தெண்டு போட்டிரிக்கி. ஆரு தங்கச்சி சொன்ன?" சத்தம் போடாமல்தான் கேட்டார். "மையித்தக் கண்டவங்க ஒருத்தரும் இல்ல. பள்ளியில கேட்டன், பொறுங்க எண்டாங்க. நான் இன்னும் இத்தா இரிக்கல்ல. எங்கயாவது ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடக்கலாம்தானே."

இத்தா என்றால் புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு அடங்கி இருப்பது. அதை இருந்துவிட்டால் இனி அவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"உயிருடன்" என்று மாற்றினேன். கையெழுத்துக் கேட்டது. வெறுமையாக விட்டேன், சிவப்பு. "காணவில்லை" என்று அடித்தேன், ஏற்கவில்லை. கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன். "ஏதாவது ஒண்டப் போடுங்க. நாலு மணிக்குப் பட்டியல் பூட்டிரும்" என்றார் பெரியவர். ஏதாவது ஒன்றாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கைபேசியைக் கிணற்றில் எறிந்திருக்க வேண்டும். "சரி சேர்" என்றுதான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ராத்தாவிடம் நிலைமையைச் சொன்னேன். மூன்று பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறவர். இந்தப் பட்டியல் தவறினால் அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது.

"உசிரோட எண்டு போட்டா ஊடு இல்ல. அப்பிடித்தானே?"

"ஓம் ராத்தா."

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். "அப்ப எழுதினபடியே இரிக்கட்டும்."

பொத்தானை அமத்தினேன். ஒரு மணித்தியாலத்தில் இருபது தடவை அமத்துகிற பொத்தான்தான். சிவப்பு போய்விட்டது.

கதவடிக்குப் போனவர் திரும்பி நின்றார். "இண்டைக்கு எத்தினாம் பிறை தங்கச்சி?"

சுவரில் தொங்கிய கலண்டரில் பிறைத் தேதியைப் பார்த்துச் சொன்னேன். அங்கேயே நின்று விரல்களை மடித்து நாலு மாதம் எண்ணினார், பிறகு பத்து நாள்.