படித்துறைக் கைப்பிடியில் ஏறிய துரு

முக்கூடலில் நானும் என் கணவரும் வெல்டிங் பட்டறை நடத்துகிறோம். அவர் அளவெடுத்து வெட்டுவார், பற்றவைப்பது நான். சில வருஷங்களுக்கு முன், எங்கள் தெருக்காரர்கள் ஆற்றுப் படித்துறைக்குக் கைப்பிடி கேட்டார்கள். அங்கிருந்த இரும்புக் கைப்பிடி தண்ணீரில் கிடந்து அடியில் அரித்துப்போய், குளிக்க இறங்கிய ஒரு அம்மா பிடித்ததும் கையோடு வந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை எவர்சில்வர் குழாயில் செய்து நட்டோம்.

இரண்டே வாரம். பற்றவைத்த இடங்களைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள். எங்களிடம் வேலையை ஒப்படைத்திருந்த அண்ணாச்சி பட்டறைக்கே வந்துவிட்டார்.

“எவர்சில்வர்னு சொல்லி இரும்ப வச்சிட்டாவன்னு ஊரே பேசுது. நான் என்னன்னு பதில் சொல்ல?”

குழாய் விற்ற கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பற்றவைக்கும்போது எவர்சில்வர் உருகி ஓடும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும், இந்தக் குழாயும் அப்படித்தான் உருகியது. படித்துறைக்குப் போய்ப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தபோதுதான் உறைத்தது. பட்டறையில் ஒரு இரும்பு கேட்டைத் தேய்த்த அதே கம்பி பிரஷால் இதையும் தேய்த்திருக்கிறேன். பிரஷிலிருந்து ஒட்டிய இரும்புத் தூள் துருப்பிடித்திருக்கிறது, குழாய்க்கு ஒன்றுமில்லை.

மறுநாள் காலை, எவர்சில்வரைச் சுத்தம் செய்யும் அமிலப் பசையோடு போனேன். கையுறை மாட்டி, பசையைத் தடவி, ஒரு சொட்டும் ஆற்றில் விழாமல் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வாளியில் பிழிந்தேன். பத்திருபது பேர் படியில் நின்று பார்த்தார்கள். பழுப்பு போய் வெள்ளையாகக் குழாய் தெரிந்தது.

“குழாய் நல்ல குழாய்தான் அண்ணாச்சி. இரும்பு தேச்ச பிரஷ இதுல போட்டுட்டேன். தப்பு என்னோடது.”

“அத ஏன் சொல்லுத?” என்று என் கணவர் காதருகே முணுமுணுத்தார்.

அண்ணாச்சி குழாயைக் குனிந்து பார்த்தார். “இனிமே வராதுல்லா?”

“வந்தா நானே வந்து எடுத்துத் தாரேன்.”

வரவில்லை. அடுத்த மழைக்கு வெள்ளம் கைப்பிடியை முழுக்க மூடி ஓடியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு சேறு. கைப்பிடியின் ஒரு காலைச் சுற்றியிருந்த சிமெண்ட் பெயர்ந்திருந்தது. சேற்றைக் கழுவிவிட்டுப் பார்த்தால் குழாயில் ஒரு புள்ளி இல்லை.

சேறு அள்ள வந்திருந்த அண்ணாச்சி சொன்னார்: “வள்ளியூர்ல ஒரு கோயில் தெப்பக்குளத்துக்குக் கைப்பிடி வேணுமாம். உன்னத்தான் சொல்லியிருக்கேன். தப்பு பண்ணினாலும் மறைக்க மாட்டாள்னு சேத்துச் சொன்னேன்.”

அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.